கென்டக்கிக் குடும்பத்தின் வேரைக் கவுண்டி ஆவணங்களில் தேடுவது எப்படி?

கேட்டவர் ஒரு தமிழ்ப் பெண். கணவர் கென்டக்கிக்காரர், மாமனார் வழிக் குடும்பம் மெக்ரீரி கவுண்டியைச் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்தது. "எங்கள் ஆட்கள் முதலில் நாக்ஸ் கவுண்டியில் இருந்தார்களாம், அப்புறம் விட்லிக்குப் போனார்களாம், கடைசியில்தான் மெக்ரீரிக்கு வந்தார்கள்" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். இணையத்தில் 1850 வரை போக முடிகிறது, அதற்கு முன்னால் ஒன்றும் கிடைக்கவில்லை. கவுண்டி அலுவலகப் பதிவுகளைப் பார்த்தால் தெரியும் என்கிறார்கள், அதை எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இங்கே பல வருடம் இருந்திருக்கிறேன். குடும்ப வரலாறு தேடும் பழக்கம் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டதுதான். அதனால் என் பதிலில் நிலத்தின் வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

மாமியார் சொன்ன மூன்று கவுண்டிகளையும் கேட்டவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குடும்பம் வீட்டு வாசலைத் தாண்டாமலேயே மூன்று கவுண்டிகளில் வாழ்ந்திருக்கலாம். கென்டக்கி 1792-ல் தனி மாநிலமானபோது அதில் இருந்தவை 9 கவுண்டிகள். இன்று 120. இருந்ததை வெட்டி வெட்டித்தான் புதியவை வந்தன. 1780-ல், இது இன்னும் வர்ஜீனியாவின் பகுதியாக இருந்தபோது, லிங்கன் கவுண்டி உருவானது. அதிலிருந்து 1799-ல் நாக்ஸ் பிரிந்தது. நாக்ஸிலிருந்து 1818-ல் விட்லி. கடைசியாக 1912-ல் விட்லி, வேய்ன், புலாஸ்கி மூன்றிலிருந்தும் ஆளுக்கொரு துண்டு எடுத்து மெக்ரீரியை உண்டாக்கினார்கள். 120-ல் கடைசியாகப் பிறந்தது அதுதான். ஒரே ஓடைக் கரையில் ஒரே மரவீட்டில் தாத்தாவும் பேரனும் வாழ்ந்திருந்தாலும், தாத்தாவின் திருமணம் நாக்ஸில் பதிவாகியிருக்கும், பேரனின் மரணம் மெக்ரீரியில் பதிவாகியிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கவுண்டி பிரியும்போது பழைய பதிவேடுகள் கூடவே போவதில்லை. 1912-க்கு முந்தைய பத்திரம் வேண்டுமென்றால் மெக்ரீரி அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை, தாய்க் கவுண்டிக்குப் போக வேண்டும். நம் ஊரில் தாலுகாவும் சார்பதிவாளர் எல்லையும் மாறிய பிறகு பழைய பத்திரத்துக்கு எந்த அலுவலகம் என்று அலைந்தவர்களுக்கு இது புதிதில்லை. இன்னொரு பொறி: மெக்ரீரி கவுண்டியின் தலைமையிடத்துக்குப் பெயர் விட்லி சிட்டி. விட்லி கவுண்டியின் தலைமையிடமோ வில்லியம்ஸ்பர்க். பழைய கடிதத்தில் "விட்லி" என்று மட்டும் இருந்தால் எது என்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

சரி, 1850 ஏன் சுவர் மாதிரி நிற்கிறது? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மனைவி, பிள்ளைகள் எல்லாம் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. 1850-ல்தான் வீட்டில் இருந்த அடிமையாக இல்லாத ஒவ்வொருவர் பெயரும் ஏறியது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880-ல் வந்தது. 1890 கணக்கெடுப்பைத் தேடவே வேண்டாம். வாஷிங்டனில் 1921 ஜனவரியில் நடந்த தீ விபத்தில் அது பெருமளவு சேதமானது, மிஞ்சியதையும் பின்னால் அழித்துவிட்டார்கள். கணக்கெடுப்பு கைவிடும் இந்த இடங்களில்தான் கவுண்டி ஆவணம் கைகொடுக்கும்.

எல்லோரும் முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடிப் போவார்கள். கென்டக்கியில் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு ஒழுங்காகத் தொடங்கியது 1911-ல். அதற்கு முன்னால் 1852-ல் ஒரு சட்டம் போட்டு, வரி மதிப்பீட்டாளர்களே வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். உள்நாட்டுப் போர் வந்ததும் அது நின்றுபோனது. அதனால் 1840-ல் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம். அப்படி ஒன்று இருந்ததே இல்லை. 1911-க்குப் பிறகு இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும். ஆனால் அதைச் சொன்னவர் இறந்தவரில்லை, துக்கத்தில் இருந்த மகனோ மருமகளோ. பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் மருமகளுக்கு எவ்வளவு சரியாகத் தெரியும் என்று உங்களுக்கே தெரியும்.

என் பிடிவாதமான கருத்து, பெயரைத் துரத்தாமல் நிலத்தைத் துரத்த வேண்டும் என்பது. அதே மலைப்பகுதியில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். வில்லியம், ஜான், ஜேம்ஸ் என்று தலைமுறைக்குத் தலைமுறை அதே பெயர்கள் சுற்றிவரும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் நமக்கு இது புரியாததில்லை. நாலு பேருக்கு ஒரே பெயர் இருக்கலாம், ஆனால் ஒரே ஓடைக்கரையில் ஒரே 100 ஏக்கரை நாலு பேரும் வைத்திருக்க முடியாது.

இதற்கு முதல் கருவி வரிப் பட்டியல். கென்டக்கியில் 1792-லிருந்து வருடா வருடம் எழுதியிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு ஒரு புகைப்படம் கணக்கெடுப்பு என்றால் இது வருடத்துக்கு ஒன்று. எத்தனை ஏக்கர், எந்த ஓடையை ஒட்டியது, எத்தனை குதிரை, வீட்டில் 21 வயதைத் தாண்டிய ஆண்கள் எத்தனை பேர் என்றெல்லாம் இருக்கும். அந்த நிலத்துக்கு முதலில் யார் பெயரில் பட்டயம் வாங்கினார்கள் என்றுகூட ஒரு பத்தி உண்டு, நம் மூலப்பத்திரம் மாதிரி. உங்கள் ஆள் 1818 வாக்கில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 1839 அல்லது 1840 பட்டியலில் அவர் பெயர் முதல்முறையாக முளைக்கும். அதற்கு முந்தைய வருடம் வரை அதே ஓடைக்கரையில் அதே குடும்பப் பெயருடன் ஒருவர் வரி கட்டியிருப்பார். அவர் அப்பாவாகவோ பெரியப்பாவாகவோ இருக்கலாம். இன்னொரு வருடம் அந்த முதியவர் பெயர் மறைந்து அதே ஏக்கர் ஒரு பெண்ணின் பெயரில் வந்தால் அவர் இறந்துவிட்டார், அது விதவை என்று பொருள். ஒரு வருடம் கூட விடாமல் வரிசையாக எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் என் அனுபவத்தில் 1850 சுவரை அதிகம் இடித்தது இந்தப் பட்டியல்தான்.

அடுத்தது பத்திரம். கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பத்திரப் புத்தகங்களுக்கு இரண்டு அகராதிகள், அதாவது அகரவரிசைப் பெயர்ப் பட்டியல்கள், உண்டு, விற்றவர் பெயரில் ஒன்று, வாங்கியவர் பெயரில் ஒன்று. பலரும் வாங்கியதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சரக்கு விற்றதில்தான் இருக்கிறது. அப்பா இறந்து பிள்ளைகள் சேர்ந்து விற்கும்போது எல்லோர் பெயரும் வரும், கல்யாணமாகிப் போன மகள்கள் புருஷன் பெயரோடு வருவார்கள், டென்னசிக்கோ மிசூரிக்கோ குடிபெயர்ந்த மகன் "இன்ன கவுண்டியில் வசிக்கும்" என்ற குறிப்போடு வருவார். பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் ஒரு குடும்பத்தின் மொத்தப் பிள்ளைகளையும் ஒரே பக்கத்தில் பார்ப்பது சாதாரண விஷயமா? மனைவிக்குக் கணவன் நிலத்தில் விதவைப் பங்காக மூன்றில் ஒரு பாகம் உண்டு என்பதால், விற்கும்போது அவளைக் கணவன் இல்லாமல் தனியாக விசாரித்துச் சம்மதம் வாங்கி எழுதுவார்கள். வேறெங்கும் வராத மனைவியின் பெயர் அங்கே வந்துவிடும். ஒரு டாலருக்கோ "அன்பின் காரணமாக"வோ நிலம் கைமாறியிருந்தால் அது பெரும்பாலும் உறவுக்குள்.

எல்லை விவரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஓஹாயோவிலும் இந்தியானாவிலும் நிலத்தை ஆறு மைல் சதுரமாகவும் 640 ஏக்கர் பகுதிகளாகவும் அளந்தார்கள். கென்டக்கி வர்ஜீனியாவின் பிள்ளை, மேற்குக் கோடியைத் தவிர இங்கே அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. "ஓடைக்கரையில் உள்ள வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னார் நிலத்தின் கோடு வரை வடக்கே 40 போல்" என்று போகும். ஒரு போல் என்பது பதினாறரை அடி. "இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் கிணற்றுக்கு மேற்கு" என்று நான்கெல்லை படித்து வளர்ந்த நமக்கு அமெரிக்கர்களைவிட இது சுலபமாகப் புரியும். பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். அவர்கள்தான் கல்யாணத்தில் சாட்சி, உயிலில் சாட்சி, பாதி நேரம் சம்பந்தியும்கூட. மெக்ரீரிப் பகுதியில் இன்னொரு வசதி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டெர்ன்ஸ் என்ற நிலக்கரி, மரக் கம்பெனி அங்கே நிலத்தையும் கனிம உரிமையையும் நிறைய வாங்கியது. பின்னால் வில்லங்கம் வரக் கூடாது என்று இப்படி வாங்குபவர்கள் வாரிசுகள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்துத் தேடுவார்கள். அவர்கள் பார்த்த வேலையின் பலன் இன்று நமக்கு.

திருமணத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு ஜாமீன் பத்திரம் எழுதுவார்கள். மாப்பிள்ளையும் இன்னொருவரும் சேர்ந்து, இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத் தடை ஏதுமில்லை, இருந்தால் 50 பவுண்டு கட்டுகிறோம் என்று கையெழுத்துப் போடுவார்கள். பணம் யாரும் கையில் வைப்பதில்லை. அந்த "இன்னொருவர்" யார் என்பதுதான் விஷயம். பல சமயம் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன். பெண்ணுக்கு 21 ஆகவில்லை என்றால் அப்பாவின் சம்மதச் சீட்டு ஒன்று தனியாகச் சொருகியிருக்கும், அதை அகராதியில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அதனால் அசல் பக்கத்தைப் பார்க்காமல் தட்டச்சுப் பட்டியலோடு திருப்திப்படாதீர்கள். ஜாமீன் தேதி கல்யாணத் தேதி அல்ல, அதைப் போதகர் பின்னால் எழுதி அனுப்பும் சீட்டில்தான் பார்க்க வேண்டும்.

உயில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் சொத்துப் பட்டியல், நிர்வாகி கணக்கு, பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமித்த உத்தரவு எல்லாம் இருக்கும். இங்கே மொழி ஏமாற்றும். "அனாதை" என்று எழுதியிருந்தால் அப்பா இல்லாத பிள்ளை என்று அர்த்தம், அம்மா உயிரோடு பக்கத்து அறையில் இருப்பாள். "கைக்குழந்தை" என்பதற்கு அவர்கள் போடும் "இன்ஃபன்ட்" என்ற அதே சொல்தான் சட்டத்தில் 21 நிறையாத எவருக்கும். ஒரே பெயருக்குப் பின்னால் சீனியர், ஜூனியர் என்றிருந்தால் அப்பா மகன் என்று முடிவுகட்ட வேண்டாம், ஊரில் அந்தப் பெயரில் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், அவ்வளவுதான். மாமா மருமகன்கூட இருக்கலாம். சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படித்தான் சொத்தைப் பிரித்தார்களோ! பெயர்களிலும் கவனம் வேண்டும். பாலி என்பவள் மேரி, சாலி என்பவள் சாரா, பாட்ஸி என்பவள் மார்த்தா. பழைய கையெழுத்தில் இரட்டை 'எஸ்' வந்தால் முதல் எழுத்து நீண்டு 'எஃப்' மாதிரித் தெரியும். ஜெஸ்ஸி என்பவரை ஜெஃபே என்று படித்து ஏற்றியிருக்கும் பட்டியல்களை நானே பார்த்திருக்கிறேன்.

சொத்துப் பட்டியலில் இன்னொன்றும் கண்ணில் படலாம். பசுமாடு, இறகு மெத்தை, ஏர் என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு மனிதப் பெயரும் அதற்கெதிரே ஒரு டாலர் தொகையும் வரும். மலைப்பகுதியில் அடிமைகள் குறைவு, இல்லாமல் இல்லை. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளை உரிமையாளர் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டும் போட்டுப் பெயரில்லாமல் எழுதினார்கள். அவர்கள் எல்லோரும் பெயரோடு ஏறியது 1870-ல்தான். அதற்கு முன்னால் ஒரு கறுப்பினக் குடும்பம் தன் பாட்டியின் பெயரைப் பார்க்கக்கூடிய இடம் பல நேரம் வேறொருவரின் உயிலும் சொத்துப் பட்டியலும் மட்டுமே. அப்படி ஒன்று உங்கள் கணவர் குடும்பக் காகிதத்தில் வந்தால் சங்கடப்பட்டு மூடி வைக்காதீர்கள். பெயரையும் வயதையும் புத்தக எண், பக்க எண்ணோடு பொதுவில் போடுங்கள். அதைத் தேடிக்கொண்டு யாரோ இருக்கிறார்கள்.

கவுண்டி நீதிமன்றத்தின் உத்தரவுப் புத்தகத்தை நேரமிருந்தால் புரட்டுங்கள். சாலை போட யார் யார் வர வேண்டும் என்ற பட்டியல், ஏழைப் பிள்ளையைத் தொழில் கற்க ஒப்படைத்த உத்தரவு எல்லாம் அதில் கிடக்கும். 1832-ல் அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களுக்கு ஓய்வூதியம் தர ஒரு சட்டம் வந்தது. எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் இந்த நீதிமன்றங்களில் வந்து நின்று, எங்கே பிறந்தேன், எந்தப் படையில் இருந்தேன், எந்த ஊர் வழியாக இங்கே வந்தேன் என்று சத்தியம் செய்து சொன்னார்கள். அந்த வாக்குமூலங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஆளின் தாத்தா அப்படி ஒருவராக இருந்தால் வர்ஜீனியா அல்லது வட கரோலினா வரை ஒரே தாவலில் போய்விடலாம்.

பங்காளிச் சண்டை இருந்ததா என்றும் பாருங்கள். இருந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம். நிலப் பாகப்பிரிவினை வழக்கில் வாரிசுகள் அத்தனை பேரையும் பிரதிவாதியாகச் சேர்த்தாக வேண்டும். இது கவுண்டி கிளார்க்கிடம் இருக்காது, வழக்குகளைப் பார்க்கும் சர்க்யூட் கோர்ட்டின் கிளார்க்கிடம் இருக்கும், அவர் வேறு ஆள். பழைய வழக்குக் கட்டுகள் நிறைய ஃபிராங்ஃபர்ட் நகரில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன.

பதிவேடுகள் இருந்த நீதிமன்றம் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே கைவிட வேண்டாம். உள்நாட்டுப் போரின் கடைசியில், 1864 டிசம்பரிலும் 1865 ஜனவரியிலும், தெற்குப் படைத் தளபதி ஹைலன் லயன் மேற்குக் கென்டக்கியில் வரிசையாக நீதிமன்றக் கட்டடங்களைக் கொளுத்திக்கொண்டே போனார். வடக்குப் படை அவற்றை முகாமாகப் பயன்படுத்தியது என்பது காரணம். சில இடங்களில் புத்தகங்களை வெளியே எடுக்க அவகாசம் கிடைத்தது. எரிந்த இடங்களில்கூட, மக்கள் வீட்டிலிருந்த அசல் பத்திரத்தைக் கொண்டுவந்து மறுபடி பதிந்தார்கள். வரிப் பட்டியலின் ஒரு பிரதி தலைநகருக்குப் போய்விடும் என்பதால் அதுவும் தப்பிக்கும். முதல் நிலப் பட்டயங்கள் மாநிலச் செயலர் அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதற்கெல்லாம் கென்டக்கிக்கு வண்டி எடுக்க வேண்டுமா என்றால், உடனே வேண்டாம். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளம் இலவசம். பெயர் போட்டுத் தேடும் பெட்டியில் கிடைப்பது அங்கே இருப்பதில் ஒரு பகுதிதான். அட்டவணைப் பகுதிக்குப் போய் "விட்லி, கென்டக்கி" என்று இடத்தைப் போட்டால் பத்திரம், உயில், வரி என்று படமெடுத்த புத்தகங்களின் வரிசை வரும். அகராதிப் பக்கத்தைக் கண்டுபிடித்து, புத்தக எண் பார்த்து, பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். 2024-லிருந்து கையெழுத்தை இயந்திரமே படித்துத் தேடித்தரும் வசதியும் வந்திருக்கிறது. அதில் உங்கள் ஆள் பெயரை விட, ஓடையின் பெயரையும் பக்கத்து நிலத்துக்காரர் பெயரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, அவர்கள் மையத்துக்கோ இணைந்த நூலகத்துக்கோ போக வேண்டியிருக்கும். நேரில் போவதென்றால் கிளார்க் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். அங்கே இருப்பவர்கள் வண்டிப் பதிவும் தேர்தல் வேலையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், நம் கொள்ளுத்தாத்தா கதை கேட்க நேரமிருக்காது. அதற்கு உள்ளூர்ப் பொது நூலகம்தான் சரியான இடம்.

எடுத்த ஒவ்வொன்றுக்கும் கவுண்டி, புத்தகம், பக்கம் மூன்றையும் அந்த நிமிடமே எழுதுங்கள். ஒருமுறை நான் ஒரு நீதிமன்றத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து அறுபது பக்கம் படமெடுத்து வந்தேன். வீட்டில் பார்த்தால் எது எந்தப் புத்தகம் என்று ஒன்றும் தெரியவில்லை. மறுபடி நானூறு மைல் போய்வந்தேன்.

இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள், கொள்ளுப்பாட்டி செரோக்கி என்ற பூர்வகுடியின் இளவரசி என்ற இரண்டு கதையும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நம் பக்கம் எல்லோருடைய தாத்தாவுக்கும் ஒரு காலத்தில் நூறு ஏக்கர் இருந்த மாதிரி.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். 1920 கணக்கெடுப்பில் மெக்ரீரியில் குடும்பத்தைக் கண்டுபிடித்து, சுற்றியுள்ள பத்து வீட்டுக்காரர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 1910-ல் விட்லியைப் பாருங்கள். அதே பத்துப் பெயர்கள் அங்கேயும் சுற்றி நின்றால், மாமியாரிடம் போய்ச் சொல்லலாம், அந்தக் கடைசிக் குடிபெயர்வு நடக்கவே இல்லை என்று. அதன் பிறகு 1818-க்குப் பின்னால் விட்லி பத்திரங்கள், அதற்கு முன்னால் நாக்ஸ். ஓடையின் பெயர் கிடைத்ததும் எழுதுங்கள், அடுத்து எந்தப் புத்தகம் என்று பார்க்கலாம்.